எடை சரியாகத்தான் இருந்தது

தேயிலைக்குச் சிங்க் மருந்து அடித்த நாட்களில் அப்பாவின் தோள் துண்டை முகத்தருகே கொண்டுபோனால் போதும், நாக்கின் ஓரம் சுருங்கும். வாழைக்காயைப் பச்சையாகக் கடித்துவிட்டு, அதே வாயில் பழைய செப்புக்காசு ஒன்றைப் போட்டுக்கொண்டது போன்ற ஒரு துவர்ப்பு. துவைத்தாலும் அது போகாது. மலையில் வெயில் அபூர்வம் என்பதால் துணியெல்லாம் அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில்தான் காயும். அந்தத் துண்டிலிருந்து சோற்றுப் பானைக்குள்ளும் துவர்ப்பு இறங்குகிறது என்று அம்மா அலுத்துக்கொள்வார்.

எழுபதுகள் முடியும் நேரம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வரிசையாக ஒரே கூரையின் கீழ் கட்டப்பட்ட லயத்து வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அம்மா அஞ்சலை கொழுந்து எடுப்பவர். அப்பா வீராசாமி மருந்தடிக்கும் ஆட்களுக்கு ‘மண்டோர்’, அதாவது மேஸ்திரி. தண்ணீர் நிரம்பிய ‘தோங்’ என்னும் இரும்புப் பீப்பாயில் மருந்தைக் கலந்து ஆட்களின் முதுகுப் பம்புகளில் ஊற்றி அனுப்புவது அவர் வேலை. மருந்துக் கொட்டகையில் ஒரு தட்டுத் தராசு இருந்தது. அப்பா அந்தத் தட்டைத் துடைப்பார், எடைக்கல்லையும் துடைப்பார், மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுவார், முள் ஆடி அடங்கும்வரை யாரையும் கிட்டே விடமாட்டார்.

“மண்டோரே, நகைக்கடை வெச்சிருக்கீங்களா? வெளிச்சம் போவுதுலா” என்று இளவட்டங்கள் கிண்டல் செய்வார்கள்.

“பொண்டாட்டிக்கு வாங்கிக் குடுக்காத நகையவா இங்க வந்து கேக்குற? பம்பத் தூக்குடா” என்பார் அப்பா, முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே.

சிங்க் சத்து குறைந்தால் தேயிலைக் கொழுந்து சிறுத்து, வெளிறி, வளர மனமில்லாததுபோல நிற்கும். அதற்காக ஒரு தோங் தண்ணீருக்கு ஒரு கிலோ சிங்க் சல்பேட்டு என்பது தோட்டத்தின் கணக்கு. பல வருஷமாக அதே கணக்குதான். மருந்து கல்கண்டைப் போலக் கட்டிகளாக வரும். பத்தாம் வகுப்புக்கு இணையான நான்காம் படிவத்தை நான் படித்த வருஷம் புது மூட்டைகள் இறங்கின. அதே பெயர், அதே எடை. ஆனால் உள்ளே இருந்தது மாவுபோல வெள்ளைத் தூள். கரைப்பதற்கு லேசாக இருக்கிறது என்று ஆட்களுக்குச் சந்தோஷம். அப்பா வழக்கம்போல ஒரு கிலோவை நிறுத்து, முள் நிற்கப் பார்த்து, தோங்கில் கொட்டினார். மேல்காட்டுத் தேயிலை முழுவதற்கும் அன்று அடித்து முடித்தார்கள்.

அடுத்து வந்த நாட்களில் மூடுபனி. விலகிய காலையில் நான் பள்ளிக்கூட லாரியில் நின்றுகொண்டிருந்தேன். வளைவு திரும்பியதும் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒரேயடியாகப் பேச்சை நிறுத்தினார்கள். மேல்காடு பச்சையாக இல்லை. சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்ததுபோல, சரிவு முழுக்கக் கொழுந்தெல்லாம் பொசுங்கிப் பழுப்பாகக் கிடந்தது. கூடையை முதுகில் மாட்டிய பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தியும் கையை நீட்டவில்லை. அந்த வரிசையில் அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது லாரியிலிருந்தே தெரிந்தது.

எடை சரியாகத்தான் போட்டேன் என்று அப்பா கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். முள்ளு நின்னுச்சு, நான் பாத்தேன் என்றார். சொல்லச் சொல்ல அவர் குரலில் இருந்த உறுதி தேய்ந்துகொண்டே போனது. எடைக்கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் அரிசி டின்னோடு ஒப்பிட்டுக்கூடப் பார்த்தார். விசாரணை முடியும்வரை கொட்டகைக்கு வரவேண்டாம் என்று அவரிடம் கருகிய அன்றே சொல்லிவிட்டார்கள். விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் கண்டக்டர் வந்தார். காட்டு வேலை முழுவதையும் கவனிப்பவர், துரைக்கு அடுத்தபடி அவர்தான். அப்பாவைத் தண்ணீர்க் குழாய்வரை தனியே கூட்டிப்போய்ப் பேசிவிட்டுப் போனார். என்ன பேசினார் என்று அப்பா சொல்லவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

எங்கள் தோட்டத்தில் விசாரணை என்றால் ஆபீசுக்கு முன்னால் எல்லாரும் கூடி நிற்பார்கள். யாராவது ஒருவர் வாயிலிருந்து ‘என் தப்பு’ என்ற சொல் வந்தாக வேண்டும். வந்துவிட்டால் துரை தலையாட்டுவார், கூட்டம் கலையும், மறுநாள் வேலை நடக்கும். யாருடைய தப்பு என்பது அந்தச் சொல் வருவதைவிட முக்கியமாக இருந்ததில்லை. இது தெரிந்தே வளர்ந்தவள்தான் நான். ஆனாலும் அன்று அப்பா சொன்னதற்கு என்னைத் தயார்படுத்தியிருக்கக் கூடியது ஒன்றுமில்லை.

“குடிச்சிருந்தேன் துரை. அளவு தவறிப்போச்சு. என் தப்பு.”

நான் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் சம்சு என்னும் மலிவுச் சாராயத்தை விட்டவர் அப்பா. அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில்கூடத் தொட்டதில்லை. அம்மா அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். அன்று அம்மாவின் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கும் துணிச்சல் இல்லை. எனக்குப் பின்னால் ஒரு பெண் குரல், “அப்பவே நெனச்சேன். விட்டேன் விட்டேன்னு சொல்றவந்தான் ஒளிச்சு வெச்சுக் குடிப்பான்” என்றது. துரை அப்பாவை மன்னித்தார். மண்டோர் வேலையிலிருந்து இறக்கிப் புல்வெட்டும் ஆட்களோடு சேர்த்தார். வீடு இருக்கட்டும் என்றார். பெருமாள் என்பவர் மருந்துக் கொட்டகைக்குப் புது மண்டோர் ஆனார். அப்பாவிடமே தொழில் பழகியவர், அவரை ‘அண்ணே’ என்று கூப்பிடுபவர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?” அப்பா துண்டை உதறிக் கம்பியில் போட்டார். அதன்பிறகு அம்மா சோறு போடுவார், தண்ணீர் வைப்பார், பேசமாட்டார். நான் என்ன செய்தேன் என்றால், அப்பாவின் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தேன். துவர்ப்பு மட்டும்தான் இருந்தது. சம்சு வாடை துவைத்தால் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை முடித்து, மலாய் பழகுவதற்கென்று இருந்த ‘ரிமூவ்’ வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்து, தட்டுத்தடுமாறி நான்காம் படிவத்துக்கு வந்திருந்தேன் நான். தானா ராத்தாவில் இருந்த அந்தப் பள்ளியில் இரசாயனம் மலாயில்தான் நடந்தது. பாடம் எடுத்த ‘சிக்கு’, அதாவது வாத்தியார், கிளந்தான் மாநிலத்துக்காரர். எல்லாவற்றையும் மெதுவாகச் சொல்வார். மோல் என்பது எண்ணிக்கை என்று சொல்லித்தந்தார். வாழைப்பழத்தைச் சீப்பாகவும் வெற்றிலையைக் கட்டாகவும் எண்ணுவதுபோல, கண்ணுக்குத் தெரியாதவற்றை மோலாக எண்ணுகிறோம். ஓர் உப்பின் எடையைச் சொல்லி, அதைத் தண்ணீரில் கரைத்தால் எத்தனை மோல் அயனிகள் பிரிந்து வரும் என்று கேட்பார். அந்த உப்பின் ஒரு மோல் எத்தனை கிராம் என்று கூட்டிக்கொள்ள வேண்டும்; கொடுத்த எடையை அதனால் வகுக்க வேண்டும்; ஓர் உப்பு எத்தனை அயனிகளாக உடைகிறதோ அத்தனையால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

அந்த வாரம் கரும்பலகையில் கணக்குப் போட என்னை எழுப்பினார். போட்டேன். தப்பு. “ஆயர் டியா மானா, லெச்சுமி?” என்று கேட்டார். அதனுடைய தண்ணீர் எங்கே?

எனக்கு விளங்கவில்லை. காய்ந்த உப்புக்கு ஏது தண்ணீர்? அவர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் துத்தம் கொஞ்சம் போட்டு விளக்கில் காட்டினார். கல்லாக இருந்த அது நீலம் வெளுத்து வெள்ளைத் தூளானது. குழாயின் மேல் பக்கத்தில் நிஜத் தண்ணீர், துளித்துளியாக, வழிந்தது. சில உப்புகள் படிகமாகும்போது தண்ணீரைத் தமக்குள் பூட்டிக்கொள்கின்றன, தராசில் அந்தத் தண்ணீரும் சேர்ந்துதான் நிற்கும் என்றார். பக்கத்திலிருந்த பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மருந்து மூட்டைகள் நினைவுக்கு வந்தன. கட்டியும் தூளும். ஒரே பெயர், ஒரே எடை.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் குளியலறை வாசலுக்குப் போனேன். காலியான மருந்துச் சாக்குகளை மண்டோர்கள் வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். பழைய சாக்கு ஒன்று அங்கே கால்மிதியாகக் கிடந்தது. தினமும் மிதித்த சாக்கு. அதில் சிங்க் சல்பேட்டின் குறியீட்டுக்குப் பக்கத்தில் ஏழு தண்ணீர் என்று அச்சாகியிருந்தது. வேலியில் காயப்போட்டிருந்த புதுச் சாக்கில் அந்த ஏழு இல்லை. ஒரே ஒரு தண்ணீர்தான். படியிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பழைய கட்டியில் ஒரு மோல் என்றால் இருநூற்றெண்பத்தேழு கிராம். புதுத் தூளில் ஒரு மோலுக்கு நூற்றெழுபத்தொன்பதே போதும். ஒவ்வொன்றும் ஒரு சிங்க் அயனியாகவும் ஒரு சல்பேட்டு அயனியாகவும் உடையும். ஒரு கிலோ கட்டியைக் கரைத்தால் தோங்கில் ஏழு மோல் அயனிகள். ஒரு கிலோ தூளைக் கரைத்தால் பதினொன்று.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். பதினொன்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்துகாட்டினேன். அம்மா தன் எலுமிச்சைச் செடிக்கென்று வாங்கிவைத்திருந்த பழைய கட்டி மருந்து ஒரு பால் டின்னில் கொஞ்சம் இருந்தது. குச்சி ஒன்றின் இரு முனையிலும் டின் மூடிகளை நூலால் கட்டித் தராசு செய்து, கட்டிகளை இரண்டு பக்கமும் சமமாகப் போட்டேன். ஒரு பக்கத்துக் கட்டிகளை எடுத்துப் பழைய சட்டியில் போட்டு அடுப்பில் வைத்தேன்.

“சட்டியக் கெடுக்காத. என்னாடி வெளையாட்டு இது, கல்யாண வயசுல?” என்றார் அம்மா.

கட்டிகள் இளகின. தம் தண்ணீரிலேயே தாம் கரைந்து கொதித்தன. ஆவி எழுந்து அடங்கியதும் சட்டியில் வெள்ளைப் பொருக்கு மட்டும் மிஞ்சியது. ஒரு துளியும் சிந்தாமல் சுரண்டி மூடியில் போட்டேன். அந்தப் பக்கம் விறுக்கென்று மேலே போனது.

“மிச்சம் எங்கடி போச்சு?”

“தண்ணியாப் போச்சும்மா. இந்தக் கட்டிக்குள்ள பாதிக்குக் கிட்ட தண்ணிதான். புது மூட்டையில அந்தத் தண்ணி இல்ல. அப்பா போட்ட எடை சரி. ஏழு விழவேண்டிய எடத்துல பதினொண்ணு விழுந்திருச்சு. அதான் கருகிப்போச்சு.”

வாசலில் பூட்சுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். குச்சியை என்னிடமிருந்து வாங்கித் தன் கையில் பிடித்து, ஆட்டம் அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப நான் தப்பா போடல” என்றார். எங்களிடம் சொன்னதுபோல இல்லை.

அம்மா அடுப்பங்கரையை விட்டு வெளியே வந்தார். அத்தனை நாளுக்குப் பிறகு அப்பாவிடம் பேசினார். “தப்பா போடலன்னா, குடிச்சேன்னு ஏன் சொன்னீங்க?”

தண்ணீர்க் குழாயடியில் கண்டக்டர் பேசியதை அப்பா அப்போதுதான் சொன்னார். ‘எடை சரின்னு நீ நின்னா, அப்புறம் யாரு தப்புன்னு கேப்பாங்க. நானா, ஆபீசுல கணக்கெழுதுற கிராணியா, துரையா? முடியற கதையா அது? குடிச்சிருந்தேன்னு சொல்லிரு வீராசாமி. குடிச்சவனுக்கு மன்னிப்பு உண்டு. கணக்குத் தெரியாதவனுக்கு இந்தத் தோட்டத்துல வீடு கெடையாது.’

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். “வீட்டுக்காகவா? எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே” என்றார். “ஒங்கிட்ட சொன்னா நீ விடுவியா?” என்று அப்பா கேட்டார். அதற்கு அம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “விடமாட்டேந்தான்” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பாவுக்குத் திடுக்கென்று நினைவு வந்தது. மறுநாள் பெருமாள் கீழ்க்காட்டுக்கு மருந்தடிக்கப் போகிறார். அதே மூட்டைதான். அதுவும் கருகிப்போனால் பெருமாளும் ஆபீசுக்கு முன்னால் நிற்க வேண்டியதுதான். விடியும்போதே கிளம்பினோம், கணக்கை விளக்க என்னையும் கூட்டிக்கொண்டார். கொட்டகைக்குள் பெருமாள் தராசுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தட்டில் ஒரு கிலோக் கல் இல்லை. அரைக்கிலோவும், அதன் பக்கத்தில் நூறு கிராம் கல் ஒன்றும் இருந்தன.

“என்னா பெருமாளு, கொறச்சுப் போடுற?”

“கண்டக்டர் சொன்னதுதான் அண்ணே. புது மூட்டை காரம் ஜாஸ்தியாம். அறுநூறு போட்டாப் போதும்னாரு.”

“எப்ப சொன்னாரு?”

“மேல்காடு கருகிச்சில்ல, அதுக்கு மறுநாளே ஸ்டோருக்கு வந்து சொல்லிட்டாரே. ஒங்களுக்குத் தெரியாதா?”

என் கணக்குப்படி அறுநூற்றிருபத்தைந்து வரவேண்டும். அறுநூறு என்பது ஏறக்குறைய சரி. வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த ஒரே விஷயத்துக்கு அந்த இரண்டு எடைக்கற்களும் சாட்சியாக உட்கார்ந்திருந்தன. கருகிய மறுநாளே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அது தெரிந்துகொண்டேதான் கண்டக்டர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அது தெரிந்துகொண்டேதான் அத்தனை பேருக்கும் முன்னால் அப்பாவைக் குடிகாரனாக நிற்கவைத்து, மன்னிப்பும் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பா தட்டின் ஓரத்தைத் துண்டால் துடைத்துவிட்டார். “முள்ளு நிக்கட்டும், அவசரப்படாத” என்று பெருமாளிடம் சொல்லிவிட்டுப் புல்வெட்டப் போனார். ஆபீஸ் பக்கம் போகவில்லை.

போனது அம்மா. கொட்டகையில் கேட்டதை அன்றிரவு நான் அவரிடம் சொல்லியிருந்தேன். அடுத்த நாள் காலை ‘பிரட்டு’. வேலைக்குப் போகுமுன் எல்லாரும் வரிசையில் நிற்கும் அந்த இடத்தில், கண்டக்டர் பெயர் கூப்பிட ஆரம்பிக்கும்போது, கூடையைக் கீழே வைத்துவிட்டு அம்மா முன்னால் வந்தார்.

“எம் புருஷன் குடிக்கல. குடிச்சேன்னு சொல்லச் சொன்னது யாருன்னு இங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி நீங்களே சொல்லுங்க கண்டக்டர் ஐயா.”

கண்டக்டர் அம்மாவைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார்: “வீராசாமி, துரை முன்னால உன் வாயால நீதானே சொன்ன?”

“சொன்னேன்” என்றார் அப்பா. “பொய் சொன்னேன்.”

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. குடித்தவனை மன்னித்த துரை, தன்னிடம் பொய் சொன்னவனை மன்னிக்கவில்லை. மாதம் முடிவதற்குள் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். எந்த வீட்டைக் காப்பாற்ற அப்பா தன் பெயரைக் கொடுத்தாரோ, பெயரைத் திரும்பக் கேட்டதற்காக அந்த வீடு போனது. காய்கறி லாரி ஒன்றில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கோலா தெர்லாவுக்குப் போனோம். சீனர் ஒருவரின் முட்டைக்கோஸ் தோட்டத்தில் தகரக் கொட்டகையும் மூன்று பேருக்கும் வேலையும் கிடைத்தது. அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு வண்டி இல்லை. சிக்குவிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. என் படிப்பு அந்த ‘மோல்’ பாடத்தோடு நின்றது.

அதற்குப் பிறகு நான் ஓரிடத்தில் நிலைத்ததில்லை. ஈப்போவில் தையல், பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலை, ஜொகூரில் இரும்புக்குச் சிங்க் முலாம் பூசும் பட்டறை, சிங்கப்பூரில் சாப்பாட்டுக் கடை. பெட்டியைக் கட்ட எனக்குக் கால் மணி நேரம் போதும். பட்டறையில் ஒருமுறை சரக்கு கெட்டுப்போனபோது, நீ கவனிக்கலேன்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடு, ஒன்னும் ஆகாது என்று மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல மனிதர்தான். எழுந்து வந்துவிட்டேன், சம்பளம்கூட வாங்கவில்லை.

அம்மா முதலில் போனார். அப்பா போன வருஷம், கம்போங் ராஜாவில் என் தாய்மாமன் மகள் வீட்டில் இறந்தார். காரியங்களுக்காக மலைக்கு வந்தபோது பழைய தோட்டத்தைப் பார்த்துவரப் போனேன். லயம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. மருந்துக் கொட்டகை இருந்ததற்கு அடையாளமாக ஒரு சிமெண்டுத் தரைத்துண்டுகூட இல்லை. பிரட்டு நடந்த இடத்தில் குடும்பங்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. முதுகில் பம்போடு சரிவில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் வங்காளத்துப் பையன்கள். கண்டக்டர் என்றால் அவர்களுக்குப் பஸ்தான் நினைவுக்கு வரும். அந்தத் துரையும் கண்டக்டரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். விசாரித்துச் சொல்ல ஆளில்லை.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் பெருமாள் மாமா வந்திருந்தார். கண் மங்கிப்போய், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுநூறு கிராமுக்குக் கல் வைத்து நிறுத்தவர், நடந்தது தெரிந்த ஒரே மனிதர், இன்னும் உயிரோடு இருக்கிறார். பக்கத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். அப்பாவின் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

“தங்கமான மனுஷன்மா ஒங்கப்பா. என்னா, அந்த ஒரு நாளு குடிச்சிட்டு வேலைக்கு வந்திட்டாரு. அந்த ஒரு நாளுதான். அதுக்கு ஒங்கம்மா பிரட்டுல வந்து போட்டுச்சே ஒரு சத்தம்! புருஷன விட்டுக்குடுக்காத பொம்பள.”

நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன். கட்டியைப் பற்றிச் சொன்னேன், தூளைப் பற்றிச் சொன்னேன், ஏழையும் பதினொன்றையும் சொன்னேன், அவர் கையாலேயே வைத்த எடைக்கல்லைச் சொன்னேன். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு என் குரல் ஏறியிருக்க வேண்டும். பெருமாள் மாமா கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு என் முழங்கையைத் தடவிக்கொடுத்து, பக்கத்தில் நின்ற பேரனிடம் பெருமையாகச் சொன்னார்:

“படிச்ச புள்ளடா. அப்பன விட்டுக்குடுக்குமா?”